வீடு பார்க்க வந்தவர்கள்

பள்ளிக்கூடங்கள் பெற்றோருக்குக் கொடுக்கும் தண்டனைக்கு 'புராஜெக்ட்' என்று பெயர். உங்கள் வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, "அப்பா, நாளைக்கு சார்ட் பேப்பர் வேணும்" என்று குரல் வரும். எங்கள் வீட்டில் போன புரட்டாசியில் வந்த குரல் கொஞ்சம் வித்தியாசமானது.

"அப்பா, ஒரு தூக்கணாங்குருவிக் கூடு வேணும்."

சென்னைப் புறநகரில் நான்காவது மாடியில் குடியிருப்பவன் அதற்கு எங்கே போவான்? நெடுஞ்சாலை ஓரத்தில் சில சமயம் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு விற்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படி வாங்கி வந்த கூட்டுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். "உள்ளே ரெண்டு முட்டை இருந்தது சார், உடைஞ்சு போச்சு" என்று அவர் சாதாரணமாகச் சொன்ன பிறகு, சாலையோரத்தில் வாங்கும் ஆசை எனக்குப் போய்விட்டது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்றில்லை. கத்தரிக்கோலும் போதும்.

ஊருக்குப் போன் போட்டேன். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்தப்பா மகன் அங்கேதான் விவசாயம் பார்க்கிறான்.

"கிணத்து மேட்டுப் பனையில நிறைய தொங்குமேடா. ஒண்ணு அறுத்துக் கொண்டாந்து குடேன்."

"இப்ப முடியாதுண்ணா. குஞ்சு இருக்கும். தை மாசம் வா, எத்தனை வேணாலும் எடுத்துக்க."

"புராஜெக்ட் அடுத்த வாரம்டா."

"அப்ப பாப்பாவைக் கூட்டிட்டு இங்க வா. நேர்ல பாக்கட்டும்."

போனேன். மகளுக்காக மட்டும் போனேன் என்று எழுதினால் பொய். அந்தக் கிணறு எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொது. கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் அப்பா வழியில் எனக்கு அறுபது சென்ட். மனை போடும் பார்ட்டி ஒன்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் தம்பியின் பங்கும் சேர்ந்து வந்தால்தான் வாங்குவார்களாம், தனியாக என் அறுபது சென்ட் அவர்களுக்கு உதவாதாம். எனக்கு ஃபிளாட் லோன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. நான் பி.காம். படித்தவன். நிலம் விற்ற பணத்தைக் கடனில் கட்டினால் வட்டி எவ்வளவு மிச்சம் என்று பேப்பரில் போட்டுப் பார்த்து, அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

காலை ஏழு மணி. கிணற்று மேட்டில் இரண்டு பனை. அதில் ஒன்றில் ஓலைக்கு ஓலை கூடுகள். என் மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். நானும்தான். நாற்பத்தாறு வயதில், பிறந்த ஊரில், முதல் முறையாக அந்த மரத்தை உட்கார்ந்து பார்த்தேன்.

நீங்கள் ஒரு தூக்கணாங்குருவியைத் தனியாகப் பார்த்தால் சிட்டுக்குருவி என்று நினைத்துவிடுவீர்கள். பெண் பறவை எப்போதும் அந்தப் பழுப்பு நிறம்தான். ஆணும் மற்ற மாதங்களில் அப்படித்தான் இருக்கும். மழைக்காலம் வந்து கூடு கட்டும் பருவம் தொடங்கினால் ஆணுக்கு மட்டும் தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சளாகிவிடும், மாப்பிள்ளை மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி. கூடு கட்டுவது ஆண்தான். நெசவு, தச்சு, கொத்து எல்லாம் ஒரே ஆள்.

தம்பியின் வயலில் நெல் பச்சைக் கட்டி நின்றது. ஒரு குருவி வந்து நெல் தாளில் உட்கார்ந்தது. தாளின் ஓரத்தை அலகால் ஒரு கடி. கடித்த இடத்தைக் கவ்விக்கொண்டு ஜிவ்வென்று பறந்தது. பறக்கிற வேகத்திலேயே தாள் நீளவாக்கில் நார் மாதிரி கிழிந்து கூடவே போனது. துணிக்கடையில் ஓரத்தைக் கத்தரியால் கொத்திவிட்டு 'சர்'ரென்று கிழிப்பார்களே, அதே வித்தை. முக்கால் அடியிலிருந்து இரண்டு அடி நீளம் வரை நார் கிழிக்கும். முதல் நாரை ஓலை நுனியில் சுற்றி முடிச்சுப் போட்டு, அதிலிருந்து ஒரு வளையம், வளையத்தின் மேல் கூரை என்று பின்னிக்கொண்டே வரும். ஒரு கூடு முடிய ஐநூறு நடை வரை போய் வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். சுமார் பதினெட்டு நாள் வேலை.

"பயிரு வீணாகலையா?" என்றேன்.

"எத்தனை தாளைக் கிழிச்சிடும்? பூச்சியும் புடிக்குது இல்ல. கூலி வாங்காத ஆளுண்ணா அது" என்றான்.

கிழக்குப் பக்கத்து ஓலைகளில்தான் அதிகம் கூடுகள் இருந்தன. தென்மேற்குக் காற்றும் மழையும் நேராக அடிக்காத பக்கம் அது. வாஸ்து பார்க்கும் நண்பர்கள் கவனிக்கவும், குருவியும் கிழக்குதான் பார்க்கிறது. ஆனால் காரணத்தோடு பார்க்கிறது.

"அப்பா, அது ஏன் பாதியிலேயே விட்டிருக்கு?" என்றாள் மகள்.

பார்த்தால், பல கூடுகள் முழுசாக இல்லை. கவிழ்த்து வைத்த ஹெல்மெட் மாதிரி, அடியில் திறந்தபடி, நடுவில் குறுக்கே ஒரு பட்டையோடு தொங்கின. ஊர்ப் பிள்ளைகள் அதை ஊஞ்சல் என்பார்கள். அதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம்.

ஆண் குருவி கூட்டை முழுதாகக் கட்டி முடிப்பதில்லை. எட்டு நாள் போல உழைத்து இந்த ஹெல்மெட் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தும். உள்சுவரில் கொஞ்சம் ஈரக் களிமண்ணையும் அப்பி வைக்கும். மின்மினிப்பூச்சியை அந்த மண்ணில் ஒட்டி ராத்திரிக்கு விளக்கு வைக்கிறது என்று என் பாட்டி சொல்லியிருக்கிறாள். உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பாள். அழகான பொய். காற்றில் கூடு ஓவராக ஆடாமல் இருக்க ஒரு பாரம் என்பது ஒரு விளக்கம்.

பிறகு பெண் குருவிகள் வரும். அவ்வளவுதான், மரம் மொத்தமும் சந்தைக்கடை ஆகிவிடும். ஒவ்வொரு ஆணும் தன் கூட்டின் அடியில் தொங்கிக்கொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்து, கத்தித் தீர்க்கும். பெண் எதையும் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு கூடாக ஏறி, உள்ளே நுழைந்து, நாரை இழுத்துப் பார்த்து, வெளியே வரும். பிடித்தால் தங்கும். பிடித்துவிட்டால் ஆண் மறுபடி வேலையைத் தொடங்கி, ஒரு பக்கம் முட்டையிடும் அறையை மூடி, மறுபக்கம் குழாய் மாதிரி நீண்ட வாசலை இறக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே பாதியில் தொங்கும். ஆண் பக்கத்து ஓலையில் புதிதாக முதல் முடிச்சைப் போடும்.

இதை முதலில் உட்கார்ந்து எழுதி வைத்தவர் சாலிம் அலி. அவர் கதையிலும் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். பறவை மனிதர் என்று உலகம் கொண்டாடும் அவர், 1917-ல் பம்பாயில் சேர்ந்தது வணிகக் கல்லூரியில், படித்தது வணிகச் சட்டமும் கணக்குப் பதிவும். நம்ம ஆள்! 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய்க்கு விளக்க உரையாளர் வேலை. விடுப்பில் பெர்லின் போய்ப் பறவையியல் பயின்று 1930-ல் திரும்பினால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேலை இல்லாத அந்த நாட்களில் மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கேதான் தூக்கணாங்குருவிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பாதிக் கூடு, பெண் வந்து பார்ப்பது, ஒரு பெண் குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்ப்பது எல்லாம் அப்போது தெளிவானவை. வேலை போனவனுக்குத்தான் குருவி வீடு கட்டுவதைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

இதையெல்லாம் நான் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "பொண்ணு வந்து வீட்டைப் பாக்கும்மா. பிடிச்சாத்தான் இருக்கும். இல்லேன்னா போயிடும்." சொல்லி முடித்த பிறகுதான் தம்பி பக்கம் திரும்பினேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

அவன் சிரித்தான். "எனக்கு இது புதுசாண்ணா?"

உங்களுக்குச் சொல்ல வேண்டும். தம்பிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. குடி கிடையாது, கடன் அதிகம் கிடையாது. டிப்ளமா படித்தவன். சித்தப்பாவுக்குக் கால் விளங்காமல் போனபோது கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். 'விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் தருவதில்லை' என்பது எங்கள் பக்கம் இப்போது எழுதாத சட்டம். விவசாயிகளே தங்கள் பெண்ணை விவசாயிக்குத் தருவதில்லை. கேட்டால், "நாங்க பட்டது போதாதா?" என்பார்கள். தப்பென்று எப்படிச் சொல்வது?

ஜாதகம் பொருந்தும். பிறகு பெண் வீட்டார் வீடு பார்க்க வருவார்கள். பழைய ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு முதல் இரண்டு இடம் போனதும், தம்பி பக்கத்திலேயே ஒட்டுக் கட்டடம் ஆரம்பித்தான். பேஸ்மட்டம் போட்டு, சுவர் எழுப்பி, லிண்டல் மட்டம் வரை வந்தது. அத்தோடு பணம் தீர்ந்தது. 'நிச்சயம் ஆனதும் கூரை போட்டுவிடலாம்' என்றார் சித்தப்பா. பெண் வீட்டார் வந்தார்கள். கட்டடத்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். "இது எந்த ரூம்?", "பாத்ரூம் உள்ளயே வருமா?" எல்லாம் கேட்டார்கள். காபி குடித்தார்கள். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். அப்படி இதுவரை ஒன்பது குடும்பம். லிண்டலில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. சித்தி அதில் துணி காயப்போடுகிறாள்.

"வீடு பாதியில நிக்குதுன்னுதான் போனாங்களாடா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. மொத்த வீட்டையும் கட்டி டைல்ஸ் ஒட்டியிருந்தாலும் போயிருப்பாங்க. வீட்டைப் பாத்துட்டு வெளிய வந்து ரோட்டைப் பாத்தாங்க. பஸ் எத்தனைன்னு கேட்டாங்க. பள்ளிக்கூடம் எங்கன்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பிடிக்காதது வீடு இல்ல. இடம்."

நான் திடுக்கிட்டேன். ஏனென்றால் குருவியைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். பெண் குருவி கூட்டின் நெசவு நேர்த்தியைவிட, கூடு எந்த இடத்தில் தொங்குகிறது என்பதற்கே அதிக மதிப்புக் கொடுக்கிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வதுபோல, லொகேஷன் சார், லொகேஷன். பெண்ணையும் குறை சொல்ல முடியாது. முட்டையிட்டு, பதினைந்து நாள் போல அடைகாத்து, குஞ்சுக்குப் பெரும்பாலும் தானே ஊட்டி வளர்க்கப்போவது அவள். காக்கையும் பாம்பும் எட்டாத இடமா என்று பார்த்துத்தான் குடிவருவாள். தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்ட அந்த அம்மாவும் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் என் சட்டைப் பையில் இருந்த பேப்பர் எனக்கு வசதியாகத் தோன்றியது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? எடுத்தேன். "அதுக்குத்தாண்டா சொல்றேன். இடம்தான் பிரச்சினைன்னா இடத்தை மாத்து. இதைக் குடுத்துட்டு செங்கல்பட்டு பக்கம் வந்துடு. ஒரு சின்ன வீடு வாங்கலாம். ஒரு வேலை பாத்துக்கலாம். வரனும் வரும்." நன்றாகத்தான் பேசினேன். என் லோன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பி பேப்பரை வாங்கி நிதானமாகப் படித்தான். கூட்டல் சரியா என்றுகூடப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"கிணத்தை மூடிடுவாங்களா?"

"மனை போட்டா மூடித்தானே ஆவணும்."

"பனையை?"

பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்திருக்கிறது. அதைச் சொன்னேன். அறிவிப்புக்கும் பொக்லைன் எந்திரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததால் அதற்கு மேல் பேசவில்லை.

அவன் மரத்தைக் காட்டினான். "அந்த மூணாவது ஓலையில ஒருத்தன் இருக்கான் பாருண்ணா. இந்த வருஷம் இது அவனுக்கு மூணாவது கூடு. முதல் ரெண்டையும் யாரும் எடுக்கல. நான் ஆடியில இருந்து பாக்குறேன்." ஒரே குருவி என்று எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. தினமும் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்குத் தெரிந்திருக்கலாம். இல்லை, அவனுக்கு அப்படி நினைக்கத் தேவைப்பட்டிருக்கலாம். "பழகப் பழகக் கூடு நல்லா வருதுண்ணா. மொத கூடு கோணலா இருந்துச்சு. இப்பப் பாரு."

இது கற்பனை இல்லை. ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவிகளை வைத்து காலியஸ் தம்பதியர் 1960-களில் செய்த சோதனைகளில், நார் கொடுக்காமல் வளர்த்த இளம் ஆண் குருவிகள் பிறகு நெய்யத் திணறின. கூடு கட்டுவது குருவிக்குப் பிறவியிலேயே வருவதுதான். ஆனால் கைபழகினால்தான் கூடு தேறும். கோணல் கூடுகளும் வீண் இல்லை. அவைதான் பயிற்சி நோட்டு.

"நீ கையெழுத்து போடச் சொன்னா போடறேண்ணா" என்றான் திடீரென்று. "உனக்கும் கஷ்டம் இருக்கும். ஆனா தை வரைக்கும் பொறு. எல்லாம் பறந்து போயிடட்டும்."

என் லோன் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மகளின் குருவிக் கூட்டுக்காக ஐந்து வருடத்தில் வராத அண்ணன் பஸ் ஏறி வருகிறான், சட்டைப் பையில் கணக்கு இருக்கிறது. டிப்ளமா படித்தவனுக்குப் புரியாதா?

நான் ஒன்றும் சொல்லவில்லை. குருவிகள்தான் கத்திக்கொண்டிருந்தன.

கிளம்பும்போது காற்றில் விழுந்து வரப்பில் கிடந்த ஒரு பாதிக் கூட்டை மகளிடம் எடுத்துக் கொடுத்தான். பழுப்பேறிய பழைய கூடு. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். உள்சுவரில் காய்ந்த மண் கட்டி விரலில் தட்டுப்பட்டது. நார் ஒன்றைக்கூட உருவ முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். யாரும் குடிவராத வீட்டுக்கு இத்தனை முடிச்சுகள்.

சின்ன வயதில் பாடத்தில் படித்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்லும். குரங்கு கோபப்பட்டு கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடும். தகுதி இல்லாதவனுக்குப் புத்தி சொல்லாதே என்று நீதி. அந்தக் கதையை எப்போது படித்தாலும் நான் குருவியின் கட்சியில்தான் இருந்திருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான், புத்தி சொல்லிக்கொண்டே கூட்டைப் பிய்க்கிற ஆளும் இருக்க முடியும் என்று தோன்றியது.

புராஜெக்டுக்கு மகளுக்குப் பத்துக்கு எட்டு மார்க். 'கூடு முழுமையாக இல்லை' என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். "ஏன் முழுசா இல்லேன்னு நான் நாலு பக்கம் எழுதியிருக்கேனே!" என்று மகளுக்குக் கோபம்.

அந்தக் கூடு இப்போது எங்கள் பால்கனி கிரில்லில் தொங்குகிறது. மனை பார்ட்டி வாரம் ஒரு முறை போன் செய்கிறார்கள். "தம்பி சரின்னுட்டானா சார்?" என்கிறார்கள். அவன் சரி சொல்லிவிட்டான் என்பதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. தை வரட்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். தை வந்ததும் என்ன சொல்வேன்? லோன் மெசேஜ் வருகிற ஐந்தாம் தேதி ஒன்று தோன்றுகிறது, மற்ற நாட்களில் வேறொன்று தோன்றுகிறது. கணக்குப் படித்தவனுக்கு இப்படி ஒரு கதி.

போன வாரம் ஊரில் நல்ல மழை. ராத்திரி தம்பி கூப்பிட்டான். பாப்பா இருக்கிறாளா என்று கேட்டு அவளிடம்தான் பேசினான்.

"அந்த மூணாவது ஓலைக்காரன் இருக்கான் இல்ல பாப்பா, அவன் கூட்டுக்கு வாசல் இறங்க ஆரம்பிச்சிருக்கு."

அவள் குதித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். போனை வாங்கி, "உனக்கு ஏதாவது வரன் வந்ததாடா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வராங்கண்ணா, வீடு பாக்க" என்றான். "லிண்டல்ல காயற துணியை எடுக்கச் சொல்லணும் அம்மாகிட்ட."